காகிதமும் பென்சிலும் போதுமா? அப்துஸ் சலாமின் வாழ்க்கையை முன்வைத்து ஓர் இழை

2024 பெப்ரவரி 11 – தொடக்கக் கேள்வி (வாசகர் ஒருவர் எழுதியது)

இலங்கையின் மலையகப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர (பல்கலைக்கழகப் புகுமுக) வகுப்புக்கான விஞ்ஞான ஆய்வுகூடம் பெயரளவில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, கோட்பாட்டுப் பௌதிகவியலை நம் பிள்ளைகளுக்கு ஏற்ற துறையாக நாம் ஏன் முன்வைக்கக் கூடாது? அதற்கு வேண்டியது காகிதமும் பென்சிலும் தானே? மின்சாரம் இல்லாத ஊரில் படித்த பாகிஸ்தானியப் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1979இல் நோபல் பரிசு வாங்கினாரே, அதைவிட என்ன சான்று வேண்டும்?

2024 பெப்ரவரி 11, இரவு

கேள்வியின் முற்பாதியோடு எனக்குப் பிணக்கில்லை, பிற்பாதிதான் உறுத்துகிறது. சலாமின் வாழ்க்கை எதற்காவது சான்று என்றால், காகிதமும் பென்சிலும் போதவே போதா என்பதற்குத்தான். ஆய்வுகூடம் இல்லாதவர் கருவியை இரவல் வாங்கியாவது சமாளிப்பார். பேசிப் பார்க்க ஆளில்லாத கோட்பாட்டாளர் என்ன செய்வார்?

1926 ஜனவரி 29ஆம் திகதி பிறந்த சலாம், பஞ்சாபின் ஜாங் என்ற ஊரில் வளர்ந்தார். தந்தையார் கல்வித் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். பதினான்காம் வயதில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக்குலேஷன் தேர்வில் அதுவரை யாரும் பெறாத புள்ளிகளைப் பெற்றார். லாகூர் அரசினர் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1943இல், இராமானுஜன் எழுப்பிய ஒரு கணக்கைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். இதுவரை எல்லாம் நீங்கள் சொல்வது போலத்தான். ஆனால் 1946இல் அவர் கேம்பிரிட்ஜ் போனது திறமையால் மட்டும் நடந்த காரியமா? உலகப் போருக்கென்று பஞ்சாபில் திரட்டிய நிதி, போர் முடிந்த பின்பும் மிஞ்சியிருந்தது. சிறு விவசாயிகளின் பிள்ளைகள் வெளிநாட்டில் படிப்பதற்கு அதைப் புலமைப்பரிசிலாக மாற்றினார்கள். சலாமுக்கு அந்த ஆண்டே இடம் கிடைத்தது. அவரோடு தெரிவானவர்களுக்கு அடுத்த ஆண்டுதான் இடம் என்றிருந்தது. 1947இல் நாடு பிரிந்தது, புலமைப்பரிசிலும் அத்தோடு போயிற்று. அவர்களைப் பற்றி இன்று யார் பேசுகிறார்கள்?

கேம்பிரிட்ஜில் நடந்தது இன்னும் முக்கியம். ஆராய்ச்சிக்கு ஏற்ற கணக்கு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, தமக்குச் சற்று முன்னவரான பால் மேத்யூஸ் கையில் வைத்திருந்த ஒரு பிரச்சினையைச் சில மாதங்களுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். கருவிசையோடு தொடர்புடைய மேசான் என்ற துணிக்கைகளின் கோட்பாட்டில், கணக்கிடும்போது வரும் முடிவிலிகளை (முடிவற்றுப் பெருகும் விடைகளை) நீக்கும் பிரச்சினை அது. அதற்கு ஒரு தடை இருந்தது. அந்தத் தடையை ஃபிரீமன் டைசன் என்ற கோட்பாட்டாளர் ஏற்கெனவே தீர்த்துவிட்டார் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். சலாம் பர்மிங்காம் போய் டைசனைப் பிடித்தார். அவரோ மறுநாள் அமெரிக்கா புறப்படவிருந்தார். இருவரும் லண்டன் வரை ஒரே ரயிலில் பேசிக்கொண்டு போனார்கள். தம்மிடம் இருப்பது நிரூபணம் இல்லை, ஊகம் மட்டுமே என்று டைசன் நேரில் சொன்னார். சலாமை முனைவராக்கிய ஆய்வு அந்தப் பேச்சிலிருந்துதான் வேகம் பெற்றது. டைசன் அச்சிட்ட கட்டுரையைத் தனியே உட்கார்ந்து படித்திருந்தால், அது ஊகம் என்பது தெரியவே அவருக்கு எவ்வளவு காலம் சென்றிருக்கும்?

2024 பெப்ரவரி 12

நேற்று லாகூரைத் தொடாமலே விட்டுவிட்டேன். என் வாதத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

1951இல் சலாம் நாடு திரும்பி, லாகூர் அரசினர் கல்லூரியில் பேராசிரியரானார். பாடம் நடத்துவதோடு வேறொரு பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்றது நிர்வாகம்: விடுதிக் காப்பாளர், கணக்குப் பொறுப்பாளர், கால்பந்தாட்டக் குழுத் தலைவர் ஆகிய மூன்றில் ஒன்று. சலாம் கால்பந்தைத் தேர்ந்தார். ஆராய்ச்சிக்கு நேரமும் இல்லை, அதைக் கேட்கும் ஆளும் இல்லை. அக்காலத்தில் நோபல் பரிசு பெற்ற கோட்பாட்டாளர் வுல்ஃப்காங் பௌலி பம்பாய் வந்து, சலாமையும் அங்கே வரச் சொன்னார். எந்தக் கோட்பாட்டாளர் மறுப்பார்? போனார். திரும்பி வந்தபோது, அனுமதியின்றிப் போனதற்கு விளக்கம் கேட்டார்கள். போயிருந்த நாட்களைச் சம்பளமில்லா விடுமுறையாக்கினார்கள். 1953இல் அவர் சார்ந்த, இஸ்லாத்தின் ஒரு பிரிவாகத் தம்மைக் கருதும் அகமதியா சமூகத்தாருக்கு எதிராக லாகூரில் கலவரம் வெடித்தது. 1954இல் கேம்பிரிட்ஜில் விரிவுரையாளராகப் போய்விட்டார். நாடா பௌதிகவியலா என்று தெரிந்தெடுக்கும் நிலைக்கு ஒரு மனிதரைத் தள்ளுவது கொடுமை என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார்.

இந்தப் பகுதியை என்னால் விலகி நின்று வாசிக்க முடிவதில்லை. பேராதனையில் படித்துவிட்டு ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு உயர்தரப் பௌதிகவியல் கற்பிக்க வந்த முதல் ஆண்டுகளில், அங்கே அந்தப் பாடத்துக்கு நான் ஒருவன்தான். சுழல் இயக்கத்தில் ஒரு கணக்குச் சிக்கினால் ஆசிரியர் ஓய்வறையில் யாரிடம் கேட்பது? இடமாற்றமும் சம்பள நிலுவையுமே அங்கே பேச்சு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவரவர் பாடத்துக்கு அவரவர் ஒருவராகத்தான் இருந்தார்கள். கடந்தகால வினாத்தாள்களை வைத்துக்கொண்டு ஓட்டலாம். ஓட்டினேன். ஆனால் பேராதனையில் இருந்தபோது எனக்கிருந்த கேள்விகள் ஒவ்வொன்றாக மங்கிப்போனதை நான் கவனிக்கவே இல்லை.

2024 பெப்ரவரி 14

மின்சாரம் இல்லாத ஊர் என்று கேள்வியில் வருகிறது. ஜாங் பாடசாலையில் ஆசிரியர் இயற்கை விசைகளைக் கற்பித்த விதத்தைச் சலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஈர்ப்பு எங்கும் உண்டு என்றாராம். காந்தத்தை எடுத்துக் காட்டினாராம். மின்சாரம் ஜாங்கில் வசிப்பதில்லை, மாகாணத் தலைநகரான லாகூரில்தான் வசிக்கிறது என்றாராம். கருவிசை ஐரோப்பாவில் மட்டுமே உள்ளது, அதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை என்று முடித்தாராம்.

இதை நான் வகுப்பில் சொல்லும்போது, நோர்ட்டன் பக்கத்துப் பிள்ளைகள் சிரிப்பதில்லை. பழைய லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர் மலையிறங்கி மின்சாரமாகிக் கொழும்புக்குப் போனது; பழைய மஸ்கெலியா நகரமே அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. மின்கம்பிகள் தலைக்கு மேலே போக, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் நான் குப்பி லாம்பில்தான் படித்தேன். விடியற்காலையில் மூக்கைத் துடைத்தால் கரி வரும். மின்சாரம் எங்கள் ஊரில் பிறந்தது, வசித்தது வேறெங்கோ.

2024 பெப்ரவரி 18

ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: லாகூரில் 1951இல் சஞ்சிகை தாமதமாக வந்திருக்கும், இன்று எந்த ஆய்வுக் கட்டுரையும் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, தனிமை என்ற வாதம் இன்னும் எடுபடுமா?

நல்ல கேள்வி. தகவலின் தனிமை பெருமளவு ஒழிந்துவிட்டது, உண்மை. ஆனால் சலாமுக்கு நேர்ந்த இன்னொன்றைப் பாருங்கள். 1956இல் சியாட்டில் மாநாட்டில், சில கருச்சிதைவுகளுக்குக் காரணமான மென் விசை இட வலச் சமச்சீரை மதிக்காமல் (இடத்தையும் வலத்தையும் ஒன்றுபோல் நடத்தாமல்) இருக்கலாம் என்ற லீ, யாங் என்ற பௌதிகவியலாளர் இருவரின் கருத்தைக் கேட்டுவிட்டு, குழந்தைகள் அழுதுகொண்டிருந்த ஓர் இராணுவப் போக்குவரத்து விமானத்தில் இரவு முழுவதும் தூங்காமல் லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நியூத்திரினோ என்ற மின்னேற்றமற்ற நுண்துணிக்கைக்குத் திணிவு ஏன் பூச்சியம் என்று அவருடைய முனைவர் வாய்மொழித் தேர்வில் ருடோல்ஃப் பையர்ல்ஸ் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. இரண்டையும் இணைத்தார்: நியூத்திரினோ ஒரு பக்கமாக மட்டுமே சுழலும் என்றால் திணிவின்மையும் சமச்சீர் முறிவும் ஒருங்கே வரும். பையர்ல்ஸிடம் காட்டினார், அவர் நம்பவில்லை. பௌலிக்கு அனுப்பினார், வேறு ஏதாவது நல்லதாக யோசிக்கச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. சலாம் தயங்கினார். 1957 தொடக்கத்தில் பரிசோதனையாளர் வூவின் பரிசோதனை சமச்சீர் முறிவை உறுதிசெய்தது. பௌலி வருத்தம் தெரிவித்து எழுதினார். அதற்குள் அதே நியூத்திரினோக் கருத்தை ரஷ்யாவின் லான்டாவும், லீ, யாங் இருவரும் தனித்தனியே எட்டியிருந்தார்கள்.

ஆக, பெரியவர்களின் அருகாமை காக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். இரண்டையும் தாங்கப் பழகுவதற்குத்தான் ஆட்கள் வேண்டும் என்கிறேன். எங்கள் பிள்ளைகள் ‘சேர் சொன்னார்’ என்று எழுதிய விடையை மாற்றிவிடுகிறார்கள். எதிரே உட்கார்ந்து ‘இல்லை சேர்’ என்று சொல்லிப் பார்த்த அனுபவத்தைக் கைப்பேசி தருவதில்லை.

2024 பெப்ரவரி 25

பரிசு எதற்கு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அது தெரியாமல் அவருடைய வாழ்க்கையைப் பேசுவதில் பொருளில்லை.

உயர்தரத்தில் பீற்றாத் தேய்வு படிக்கிறோம். நியூத்திரன் ஒன்று புரோத்தனாக மாறுகிறது. இலத்திரனும் எதிர் நியூத்திரினோவும் வெளியேறுகின்றன. பாடநூல் அத்தோடு அடுத்த தலைப்புக்குப் போய்விடும். இதைச் செய்வதுதான் மென் விசை. மின்காந்த விசை எட்டாத தூரம் இல்லை. மென் விசையோ கருவின் பருமனில் ஒரு சிறு பங்குக்குள்ளேயே முடிந்துவிடும். இப்படி ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டும் ஒரே குடும்பத்தவை என்பதே கிளாஷோ, சலாம், வைன்பேர்க் மூவருக்கும் 1979இல் பரிசு பெற்றுத் தந்த கோட்பாட்டின் சாரம். மின்காந்தத்தைச் சுமக்கும் போட்டோனுக்குத் திணிவில்லை. மென் விசையைச் சுமக்கும் மூன்று துணிக்கைகளும் மிகக் கனமானவை. அதனால்தான் அவை தூரம் போவதில்லை. நான்கும் அடிப்படையில் ஒத்தவை என்றால், மூன்றுக்கு மட்டும் கனம் எப்படி வந்தது? சமச்சீர் மறைவாக முறிவதால் என்பது விடை.

இந்தச் சமன்பாடுகளின் கட்டமைப்பைக் கிளாஷோ 1961இல் முன்வைத்திருந்தார். சலாமும் ஜோன் வார்டும் 1964இல் அதே திசையில் எழுதினார்கள். திணிவு எப்படி வருகிறது என்பதை வைன்பேர்க் 1967இல் சேர்த்தார். சலாமுக்கு அந்தப் பொறிமுறையை விளக்கியவர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உடன் பணியாற்றிய டொம் கிபிள். 1957 முதல் சலாம் அங்கே பேராசிரியர். தம் வடிவத்தை 1968இல் சுவீடனில் நடந்த ஒரு கருத்தரங்கில் முன்வைத்தார். சில ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1971இல் ஹெரார்ட் ’ட் ஹூஃப்ட் அந்தக் கோட்பாட்டில் முடிவிலிகள் தொல்லை தரமாட்டா என்று காட்டினார்; 1973இல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்தில், அந்தக் கோட்பாடு எதிர்பார்த்த, மின்னேற்றம் மாறாத மென் விசை நிகழ்வுகள் தென்பட்டன. கனமான துணிக்கைகள் அகப்பட்டது 1983இல்தான், பரிசுக்குப் பிறகு. அவற்றுள் இரண்டு புரோத்தனைவிட ஏறத்தாழ 86 மடங்கும், மூன்றாவது 97 மடங்கும் திணிவுடையவை.

இந்தக் கதையில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தவர் யாரென்று தேடிப் பாருங்கள். வார்ட் இருக்கிறார், கிபிள் இருக்கிறார், மேத்யூஸ் இருக்கிறார்.

2024 மார்ச் 2

இத்தாலியின் திரியெஸ்தே நகரில் சலாம் அமைத்த நிலையத்தைப் பற்றி எழுதச் சொல்லி இருவர் கேட்டிருந்தார்கள். பரிசைவிட இதைத்தான் சலாமின் பெருஞ்செயல் என்பேன்.

1960இல் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் மாநாட்டில், பாகிஸ்தான் பிரதிநிதியாகச் சென்ற சலாம், வளரும் நாடுகளின் கோட்பாட்டாளர்களுக்கென ஒரு நிலையம் வேண்டும் என்று கேட்டார். கோட்பாட்டுப் பௌதிகவியல் விஞ்ஞானங்களின் ரோல்ஸ் ரோய்ஸ், வளரும் நாடுகளுக்கு மாட்டுவண்டியே போதும் என்று ஒரு பிரதிநிதி சொன்னதைச் சலாம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இத்தாலி இடமும் பணமும் தர முன்வந்தது. 1964இல் திரியெஸ்தேயில் நிலையம் திறந்தது; சலாம் அதன் முதல் பணிப்பாளர்.

நான் மிகவும் மதிப்பது அதன் இணை உறுப்பினர் திட்டத்தை. ஆபிரிக்காவிலோ ஆசியாவிலோ இலத்தீன் அமெரிக்காவிலோ தம் ஊரில் கற்பித்துக்கொண்டிருக்கும் ஒருவர், சில ஆண்டுகளுக்குள் மும்முறை, ஒவ்வொரு முறையும் சில வாரங்களோ மாதங்களோ அங்கே வந்து தங்கலாம். பயணச் செலவும் தங்கும் செலவும் நிலையத்தினுடையவை. பிறகு ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். அவருடைய வேலை அங்கேதான். லாகூரில் தமக்கு மறுக்கப்பட்டதை, விளக்கக் கடிதமும் சம்பள வெட்டும் இல்லாமல், மற்றவர்களுக்குச் சட்டமாகவே எழுதிக் கொடுத்தார். 1997 முதல் நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது.

2024 மார்ச் 3

இந்தியாவின் கோலார் தங்கச் சுரங்கத்துக்கும் சலாமுக்கும் தொடர்பு உண்டா என்று ஒரு கேள்வி. ஆம், தொடர்பு உண்டு. 1974இல் சலாமும் ஒடிசாவில் பிறந்த ஜோகேஷ் பதியும், புரோத்தன் போன்றவற்றை ஆக்கும் குவார்க்குகளையும் இலத்திரன் வகைத் துணிக்கைகளையும் ஒரே குடும்பமாக்கும் கோட்பாட்டை வெளியிட்டார்கள். அதன்படி புரோத்தனும் என்றோ ஒருநாள் சிதையலாம். அதைத் தேடிய முதற் கருவிகளுள் ஒன்று 1980களில் கோலார் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் இயங்கியது. அந்தச் சுரங்கத்தைத் தோண்டியவர்களில் பெரும்பங்கினர் வட ஆற்காடு போன்ற இடங்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள். நம் முன்னோர் தேயிலைக்கு வந்த அதே நூற்றாண்டில், அதே வறுமையால் புறப்பட்டவர்கள். சிதைவுகள் போலத் தோன்றிய சில நிகழ்வுகள் அங்கே பதிவாயின. பெரிய கருவிகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. புரோத்தன் சிதைவதை இன்றுவரை யாரும் காணவில்லை.

2024 மார்ச் 9

அவருடைய மதத்தை இங்கே இழுக்க வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானாக இழுக்கவில்லை, அவருடைய நாடு இழுத்தது. 1974இல் பாகிஸ்தான் அரசியலமைப்பைத் திருத்தி அகமதியர் முஸ்லிம்கள் அல்லர் என்று அறிவித்தபோது, அரசின் தலைமை விஞ்ஞான ஆலோசகராக இருந்த சலாம் பதவி விலகினார். ஆனாலும் பாகிஸ்தான் குடியுரிமையைக் கடைசிவரை விடவில்லை. ஸ்டாக்ஹோமில் தலைப்பாகையும் நீள அங்கியும் தம் ஊர்ச் செருப்பும் அணிந்து நின்றுதான் பரிசை வாங்கினார். 1996 நவம்பர் 21ஆம் திகதி ஒக்ஸ்ஃபோர்டில் இறந்தவரை, பாகிஸ்தானில் அகமதியர் வாழும் ரப்வா நகரில் அடக்கம் செய்தார்கள். பின்னர் கல்லறையில் இருந்த ‘முஸ்லிம்’ என்ற சொல்லை அழித்தார்கள். 1948இல் இலங்கையில் ஒரு சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். சட்டம் ஒரு மனிதரை ‘நீ எங்களவன் அல்லன்’ என்று சொல்வது எங்களுக்குச் செய்தித்தாள் விடயம் ஆகாது.

2024 மார்ச் 17

இழையை முதலிலிருந்து மீண்டும் வாசித்தேன். கேம்பிரிட்ஜ், லண்டன் என்று பெரிய இடங்களிலேயே நின்றுவிட்டதால், பாடசாலை நிலையில் செய்ய ஒன்றுமில்லை என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. பிரிவினைக்கு முன் லாகூரில் சலாமுக்குக் கணிதம் கற்பித்த அனிலேந்திர கங்குலி, பிற்காலத்தில் கல்கத்தாவில் வாழ்ந்தார். பரிசு பெற்ற பின் சலாம் அவரைத் தேடிச் சொல்லுமாறு இந்திய அரசிடம் கேட்டு, 1981இல் நேரில் போய், படுக்கையில் இருந்த ஆசிரியரிடம் பதக்கத்தைக் காட்டினார். மரியாதைக்காகச் செய்தார் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. தம்மோடு கணக்கைப் பேசிய முதல் ஆட்களில் ஒருவரை அவர் மறக்கவில்லை.

என் அனுபவத்தில் அப்படிப் பேசக் கிடைத்த இடம், உயர்தர விடைத்தாள் திருத்தும் முகாம். கண்டியில் ஒரு வகுப்பறையில், விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே, பாகுநிலைக் கணக்கு ஒன்றுக்குப் புள்ளித்திட்டம் சொல்லாத ஒரு வழியில் சரியான விடை வந்திருந்தது. அதை ஏற்பதா இல்லையா என்று சோற்றுப் பொதியைப் பிரித்து வைத்துக்கொண்டே நான்கு மாவட்ட ஆசிரியர்கள் வாதிட்டார்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் கதவில் வெண்கட்டியால் வரைந்து காட்டினார். பரிமாண முறையில் அவர் சொன்ன வாதத்தை இன்றும் வகுப்பில் பயன்படுத்துகிறேன். அந்த நாட்கள் முடிந்து மலையேறி வரும்போது என் கேள்விகள் திரும்பி வந்திருந்தன.

2024 மார்ச் 24

தொடங்கிவைத்த வாசகர், ‘அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன?’ என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகளுக்குக் கோட்பாட்டுப் பௌதிகவியலைக் காட்டுங்கள், கட்டாயம் காட்டுங்கள். ஆனால் செலவில்லாத துறை என்று சொல்லிக் காட்டாதீர்கள். அதன் செலவு பேருந்துக் கட்டணத்திலும் பிறருடைய நேரத்திலும் இருக்கிறது.

ஹட்டனில் நாங்கள் சில ஆசிரியர்கள் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடுவதாக இருக்கிறோம். பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை பக்கத்து உயர்தர மாணவர்களும் வரலாம். தனியார் வகுப்பு நடத்தப்போவதில்லை, வினாத்தாளும் கொடுக்கப்போவதில்லை. வருபவர் ஒவ்வொருவரும் தமக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வர வேண்டும். ஆசிரியர்களுக்கும் இதே நிபந்தனை. தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தையும் பகலுணவையும் ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்கிறோம். பேராதனையிலோ ஹந்தானை அடிப்படை ஆய்வு நிறுவகத்திலோ பௌதிகவியல் செய்பவர்கள், குறிப்பாக மலையகத்திலிருந்து போனவர்கள், ஒரு சனிக்கிழமை ரயிலேறி வர முடியுமானால் இந்த இழையிலேயே எழுதுங்கள். விரிவுரை எதுவும் தயாரிக்க வேண்டியதில்லை. முதற்கூட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் கேள்வி, பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியுடையது: போட்டோனுக்குத் திணிவில்லை என்றால், அதற்கு மட்டும் திணிவு வராமல் தடுத்தது எது?